ஆகாசத்தில் ஒரு வாடகை வீடு

இன்று காலை பேரனுக்கு இருமல் என்று மாட வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அதிமதுரம் கேட்டதும் கடைக்காரர் ஒரு குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்துக் காகிதத்தில் வைத்தார். ஒடிந்த இடத்திலிருந்து அந்த வாசனை எழுந்தது. வேரும் மண்ணும் கலந்த, மந்தமான ஒரு இனிப்பு. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ தெரியவில்லை. பின்னால் இருந்தவர், "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களாம்மா" என்றபோதுதான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உறைத்தது.

நீ எப்போதும் இடது கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரத்தை அதக்கி வைத்திருப்பாய். மைக் முன்னால் போகும்போது அதை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாய். வசனம் முடிந்ததும் திரும்ப வாங்கி வாயில் போட்டுக்கொள்வாய். எச்சில், பத்து என்று ஆசாரம் பார்த்து வளர்க்கப்பட்டவள் நான். ஆரம்பத்தில் கூசியது. பிறகு, உன் முறை வந்துவிட்டதா என்று நானே கையை நீட்ட ஆரம்பித்தேன்.

உனக்கு எழுதுவதே விசித்திரமாக இருக்கிறது. நமக்குள் கடிதமே இருந்ததில்லை. நீ தேனாம்பேட்டை, நான் மயிலாப்பூர், நடுவில் ஒரு பஸ். சொல்ல வேண்டியதை மறுநாள் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றே வாழ்ந்துவிட்டோம். போன வருஷம் நீ போன பிறகு, சொல்ல நினைத்ததெல்லாம் எனக்குள்ளேயே தங்கிக் கனக்கிறது. இந்த வயதில் அதையும் தூக்கிக்கொண்டு நடக்க அசதியாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நமக்குச் சோறு போட்டது தாய்மொழிதான். நான் வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழுமாக வளர்ந்தவள். நீ வீட்டில் தெலுங்கும் தெருவில் மெட்ராஸ் தமிழுமாக வளர்ந்தவள். தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு மொழியில் எடுத்த படங்களுக்கு வேறு மொழியில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். சுவரெல்லாம் சாக்குத் துணி. சத்தம் பதிந்துவிடும் என்று பதிவு நேரத்தில் விசிறியை நிறுத்திவிடுவார்கள். திரையில் ஒரே துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடும். அதில் இருப்பவளின் உதட்டைப் பார்த்தபடி, வசனம் அதோடு ஒட்டும் வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் உள்ளே போனால் வெளியே வரும்போது பனகல் பார்க் பக்கம் கடை விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். வெயில் எப்படி இருந்தது, மழை பெய்ததா என்று கூடத் தெரியாமல் வீடு திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

நாயகியின் தோழி, நாயகனின் அக்கா, கூட்டத்தில் கத்துகிறவள். நமக்கு வந்ததெல்லாம் அப்படிப்பட்ட குரல்கள்தான். ஆனால் குழந்தை அழ வேண்டும் என்றால் உன்னைத் தேடி வேறு கூடங்களிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். இரண்டு வயதுக் குழந்தை தூக்கத்தில் விழித்து அம்மாவைக் காணாமல் அழுவதை நீ அழுதால், இயந்திர அறையில் இருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அழுது முடித்ததும் நீ வெளியே போய்ப் படிக்கட்டில் தனியாக உட்காருவாய். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் நீயாகச் சொன்னாய். பெரிய கதையாகச் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நிற்கும்போது போகிற போக்கில் சொன்னாய். சினிமா வேலைக்குப் போகிறவள் குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்று உன் கணவர் சண்டை போட்டதையும், பண்டிகைக்கு ஊருக்குப் போய் வருகிறேன் என்று இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஆந்திராவில் அவருடைய கிராமத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை என்பதையும். குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அவர் பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். நீ தேடிக்கொண்டு போனாய். அந்த வீட்டு ஆண்கள் உன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"இப்போ அதுக்கு ஏழு வயசு ஆவும்மே. எம் மூஞ்சி இன்னான்னு அதுக்குத் தெரியாது. நான் கூப்ட்டா 'யாரு நீ'ன்னு கேக்கும்" என்றாய். பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

எழுபதுகளின் நடுவில் அந்த வேலை வந்தது. ஒலிப்பதிவாளர் தாமஸ் சார் ஒருநாள் காலையில் நம் இருவரையும் சேர்த்து வரச் சொன்னார். வழக்கமாகத் தெலுங்குக்கு ஒரு நாள், கன்னடத்துக்கு ஒரு நாள். ஒரே நாளில் இரண்டு பேரும் ஏன் என்று புரியாமல் போய் உட்கார்ந்தோம். சின்னச் சின்னப் படங்களாக ஒரு கட்டு வந்திருந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. நாற்று நடுவது, கோழிக்கு மருந்து போடுவது, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது. கிராமத்து மக்களுக்காக எடுத்தவை.

"போன வருஷமே அமெரிக்காவுல ராக்கெட்ல வெச்சு ஒரு சாட்டிலைட்டை ஏத்திட்டாங்க" என்று தாமஸ் சார் விளக்கினார். "இப்போ அதை மெதுவா நகர்த்தி ஆப்பிரிக்காவுக்கு மேல கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. அங்கேருந்து நம்ம தேசம் முழுக்க அதுக்குத் தெரியுமாம்."

"வுழுந்துறாதா சார்?"

"விழாது. பூமி சுத்துற கணக்குக்கே அதுவும் சுத்துது. அதனால நமக்கு ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். இங்கேருந்து படத்தை அனுப்பினா அது வாங்கித் திருப்பி நம்ம கிராமங்களுக்கு அனுப்பும். பள்ளிக்கூடத்துல ஒரு டி.வி., பக்கத்துலயே கம்பி வலையில பெரிசா ஒரு குடை. படம் ஒண்ணுதான், குரல் மட்டும் ரெண்டு. ஆந்திராவுல தெலுங்கு கேக்கும், கர்நாடகாவுல கன்னடம் கேக்கும்."

"அப்போ ஒரே பொம்பளைக்கி ரெண்டு வாயின்னு சொல்லு சார்" என்று சிரித்தாய். பிறகு, "அது நம்மளுதா?" என்று கேட்டாய்.

"இல்லம்மா, இரவல். ஒரு வருஷம் கழிச்சு நகர்த்திட்டுப் போயிடுவாங்க."

"அட, ஆகாசத்துல கூட வாடகை வூடுதானா?"

தாமஸ் சார் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி அப்போது தேனாம்பேட்டையிலேயே தெருத் தெருவாக மாறிக்கொண்டிருந்தாய் நீ. உன் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

அந்தப் படங்களில் பலவற்றில் ஒரே பெண்தான் வருவாள். நடிகை இல்லை, ஏதோ ஒரு ஊரில் நிஜமாகவே கோழி வளர்க்கிறவள். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் களைத்த முகத்தோடு இருப்பாள். நீ தெலுங்கில் பேசுவாய், அவள் வாயசைப்பாள். பிறகு நான் கன்னடத்தில் பேசுவேன், மறுபடியும் அவளே வாயசைப்பாள். நம் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு அவள் அந்தத் திரையில் நின்றாள். அவள் பெயர் என்ன என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நம் பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஆரம்பத்தில் அதுவும் ஒரு வேலைதான். தாமஸ் சாரின் மைத்துனர் வந்த நாளில்தான் எல்லாம் மாறியது. அவர் ஆந்திராவில் பழுதான டி.வி. பெட்டிகளைச் சரிசெய்யும் ஜீப்பை ஓட்டுகிறவர். ஊருக்கு வந்தவர் நம்மைப் பார்க்க வந்து, குண்டும் குழியுமான சாலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தான் போகும் கிராமங்களின் பெயர்களை அடுக்கினார். ஒரு பெயர் வந்ததும் நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"அந்த ஊர்லயும் பெட்டி கீதா?"

"பள்ளிக்கூடத்துல இருக்கும்மா. சாயந்திரம் ஆனா ஊரே அங்கேதான்."

அன்று மதியம் மைக் முன்னால் நின்று, "சாப்பிடறதுக்கு முன்னாடி கையைக் கழுவணும்" என்ற ஒரே வரியை நீ தெலுங்கில் சொன்ன விதம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சரியாக இருக்கிறது என்று தாமஸ் சார் சொன்ன பிறகும், "இன்னொரு தபா சார், இன்னொரு தபா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

சில வாரங்கள் கழித்து ஒரு படம் வந்தது. அந்தப் பெண் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சாப்பிட வரச் சொல்லித் தன் குழந்தையைக் கூப்பிடுகிறாள். எழுதிக் கொடுத்திருந்தது 'பாப்பா' என்றுதான். நீ, "லட்டூ!" என்று கூப்பிட்டாய்.

தாமஸ் சார் படத்தை நிறுத்தினார். "என்னம்மா, ஸ்கிரிப்ட்ல அப்படி இல்லையே. உதடு எப்படி ஒட்டும்?"

"முதுவுக்கு வாய் கீதா சார்? அவ இன்னா பேரு சொல்லிக் கூப்ட்டா இன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார். உன் கதை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார். என் முறை வந்தபோது நான் கன்னடத்தில் 'மகூ' என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே சப்பென்று இருந்தது. லட்டு, நீ உன் மகளுக்கு வைத்த செல்லப்பெயர்.

அதன்பிறகு உனக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தப் படம் போனதா, அன்று அந்த ஊரில் கரண்ட் இருந்ததா, மகள் வந்திருந்தாளா, வந்தவள் தூங்கிப்போயிருப்பாளா. ஒவ்வொரு நாளும் இதே கேள்விகள். மெட்ராசில் அந்த ஒளிபரப்பைப் பார்க்க வழியில்லை. நீ பேசியதை நீயே பார்க்க முடியாது. மற்ற படங்களுக்குத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து என் தோளில் சாய்ந்துகொள்வாய். "ஒட்ம்புல ஒண்ணும் இல்லம்மே, அலுத்துப் போச்சு" என்பாய். இரவல் வருஷம் முடியப் போகிறது என்ற பேச்சு எழுந்த பிறகுதான் என்னிடம் வந்து, "நீ கூட வர்றியா?" என்றாய். கூடவே, என்னைப் போலவே இழுத்து, "ஆத்துல இன்னா சொல்லிண்டு வருவே?" என்று கேலியும் செய்தாய். என் கணவர் மறுப்புச் சொல்லவில்லை. "ஜாக்கிரதையா போயிட்டு வாங்கோ" என்றார், அவ்வளவுதான்.

சென்ட்ரலில் ரயில் ஏறி, இறங்கி, பஸ் மாறி, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கம்பி வலைக் குடை தூரத்திலேயே தெரிந்தது, வானத்தில் எதையோ ஏந்திக்கொள்வதுபோல மேற்கே சாய்ந்து. நீ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். நான் உன் பக்கத்தில்.

முதலில் நீ அடையாளம் கண்டது உன் நாத்தனாரைத்தான். ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிறுமி கையை உதறிவிட்டு முன்வரிசைக்கு ஓடிப்போய் உட்கார்ந்தாள். நீ என் முழங்கையைப் பற்றினாய்.

கறுப்பு வெள்ளையில் படம் வந்தது. ஏதோ செய்தி, பிறகு பயிருக்கு வரும் பூச்சி, பிறகு நம் கோழிக்காரி. உன் குரல் அந்த முற்றத்தில் எழுந்தது. கூட்டம் உன்னோடு பேச ஆரம்பித்தது. கோழிக்காரி கேள்வி கேட்டால் பெண்கள் பதில் சொன்னார்கள். உன் மகளை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். பலமுறை ஓடிய படம் போலிருக்கிறது, வசனம் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். சத்தம் இல்லாமல் உன்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருடைய உதட்டுக்கு நாம் குரல் கொடுத்திருக்கிறோம். அன்று உன் குரலுக்கு உன் மகள் உதடு அசைத்தாள்.

நீ அழவில்லை. முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாய்.

படம் முடிந்து கூட்டம் கலைந்தபோது உன் நாத்தனார் நேராக நம்மிடம் வந்தாள். நாலு பேரைக் கூட்டி விரட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் உன் எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகமும் களைத்துத்தான் இருந்தது. அவள் தெலுங்கில் பேசியது எனக்கு அன்றைக்கே முக்கால்வாசி புரிந்தது. மீதியைப் பிறகு நீ சொன்னாய்.

"அன்னிக்கு டி.வி.ல லட்டுன்னு கூப்பிட்டியே, அப்பவே தெரியும் நீதான்னு."

நீ முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாய்.

"யார்கிட்டயும் சொல்லலை. என் தம்பிகிட்டகூடச் சொல்லலை. ஆனா அன்னியிலேருந்து ஒரு நாள்கூட விடாம இவளைக் கூட்டிட்டு வர்றேன். காய்ச்சல் அடிச்சப்போகூடத் தூக்கிட்டு வந்தேன்."

"அதுக்குத் தெரியுமா?" என்றாய்.

"தெரியாது. சொல்லணும்னா நீ சொல்லு, நான் தடுக்கலை. ஆனா நாளைக்கு நீ போயிடுவே. அவ ராத்திரியெல்லாம் கேள்வி கேப்பா. பதில் சொல்ல நான்தான் இருப்பேன். என்ன சொல்லட்டும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அதற்குள் சிறுமி ஓடிவந்துவிட்டாள். புது ஆட்களைப் பார்த்து அத்தையின் பின்னால் ஒளிந்தாள். நீ அவளைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அவள் கண்கள் விரிந்தன. டி.வி. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் கோழிக்காரம்மாவா?"

"ஆமா."

"பொய். பேசிக் காட்டுங்க."

நீ பேசிக் காட்டினாய். அடுத்த வரியை அவள் சொன்னாள். அதற்கடுத்ததை நீ. அந்த முற்றத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தபோது, நீங்கள் இருவரும் முழுப் படத்தையும் பேசி முடித்தீர்கள். அவள் கைதட்டிச் சிரித்தாள். "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

நீ நாத்தனாரைப் பார்த்தாய். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டி.வி.ல வருவேன்" என்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய். "சொல்லிடணும்னுதான் போனேன். அந்தம்மா சொன்னது நாயம்மே. நான் பாட்டுக்கு வந்துருவேன். அவதானே கெடந்து பதில் சொல்லணும்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சொன்னபடி கொஞ்ச நாள் டி.வி.யில் வந்தாய். பிறகு கெடு முடிந்தது, சாட்டிலைட்டை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். "அந்தப் பொட்டிங்கல்லாம் இன்னா ஆவும் சார்?" என்று கேட்டாய். "சிக்னல் இல்லாம என்ன பண்றது, சும்மாதான் இருக்கும்" என்றார் தாமஸ் சார். நீ தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு அழப் போனாய்.

அதற்குப் பிறகான வருஷங்களை எழுதக் கை வரவில்லை. வேலை, பஸ், வேலை. கத்திக் கத்தி உன் குரல் கரகரத்தது. அடையாறில் ஒரு டாக்டர் குரல்நாணில் முடிச்சு என்றார், பேசாதே என்றார். பேசாமல் எப்படிச் சாப்பிடுவது? பேசினாய். கடைசியில் உன்னைக் கூப்பிடுவதை அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். புதுப் புருஷனோடு தேனாம்பேட்டையில் உன் வாசலில் வந்து நின்றாள். சாப்பிட்டாள், ஒரு நாள் தங்கினாள். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "நீங்க வேற மாதிரி பேசுவீங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றாளாம். என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அவள் அத்தையைத்தான் அம்மா என்றாள். உன்னை மெட்ராஸ் அம்மா என்றாள். அதில் உனக்குக் குறை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. எப்போதாவது வந்து போய்க்கொண்டிருந்தாள். நீ படுக்கையில் விழுந்த பிறகு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கஞ்சி கொடுத்தாள், துணி மாற்றினாள், கடைசி வரை இருந்தாள். நீங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேச உனக்குக் குரலும் இல்லை.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் எனக்குப் போன் செய்கிறாள். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட அரைகுறைத் தெலுங்கில் நான் சமாளிக்கிறேன். மழை பெய்ததைச் சொல்கிறாள், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்கிறாள், அத்தைக்குக் கண் தெரியவில்லை என்கிறாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எல்லாம் பேசி முடிந்த பிறகு போனை வைக்காமல் அப்படியே இருக்கிறாள். மூச்சு மட்டும் கேட்கிறது. எனக்கு முட்டி வலிக்கும், அடுப்பில் ஏதாவது ஏறியிருக்கும், காதும் முன்போல இல்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வைக்கும் வரை நான் வைப்பதில்லை.